மனம் தின்னும் மருந்து

ஐப்பசி பிறந்தால் எங்கள் நாட்டு மருந்துக் கடையில் லேகியச் சாமான் கட்டிக் கொடுத்து மாளாது. சுக்கு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், வால்மிளகு என்று கை தன்பாட்டுக்கு எடுத்து வைக்கும். மற்ற மாதங்களில் வருகிறவர்களில் பாதிப் பேர் வயிற்றைச் சொல்லி வருவார்கள், மீதிப் பேர் மூட்டுவலியைச் சொல்லி. அப்பா காலத்தில் அவ்வளவுதான். இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் மனத்தைச் சொல்லி வருகிறார்கள்.

கல்லூரிப் பையன் கைப்பேசியை நீட்டி, "டோபமைன் ஏத்துற மாதிரி ஏதாவது இருக்கா அக்கா?" என்கிறான். வங்கியில் வேலை பார்க்கும் பெண் செரட்டோனின் என்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் விடியும்வரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. ஆனால் அவர்களும் கேட்பது அதைத்தான். நானும் அமுக்கராச் சூரணம், வல்லாரைப் பொடி, நீர்ப்பிரமி, சடாமாஞ்சில் என்று பொட்டலம் மடிக்கிறேன்.

நான் மன்னம்பந்தலில் வேதியியல் படித்தவள். அப்பாவுக்கு முடியாமல் போனபின் மயிலாடுதுறையில் இந்தக் கடையைப் பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தார் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்புக்கும் போய் சிவஞானபோதம் கேட்டிருக்கிறேன். ஆக, மனம் என்ற ஒரே பொருளைப் பற்றி இரண்டு இடத்தில் பாடம் கேட்டவள். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் எனக்குள் பல வருஷம் தனித்தனி அறையில் இருந்தன. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை கேட்ட கேள்விதான் நடுச்சுவரை இடித்தது.

அவர் கணவரை இழந்தவர். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வந்தார். மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அமுக்கராச் சூரணம் கொடுத்து, இரவில் பாலில் கலந்து சாப்பிடச் சொன்னேன். அடுத்த பொட்டலத்துக்கு வந்தபோது சில்லறையைக் கல்லா மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "தூக்கம் வருதுக்கா. நெஞ்சடைப்பும் குறைஞ்சிருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஒரு பொடிக்கு அடங்குதுன்னா, அவரு மேல நான் வச்சிருந்தது என்ன? அதுவும் ஏதோ ஒரு ரசாயனம்தானா?"

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி அவருடையது மட்டுமல்ல என்பது மட்டும் புரிந்தது. வேருக்கு அடங்கும் துக்கம் துக்கமா? வேர் தரும் அமைதி அமைதியா? தேவாரம் கேட்டுக் கண் கலங்குகிறவருக்குள் ஏதோ ஒரு சுரப்பு கூடிக் குறைகிறது என்றால், அந்தக் கண்ணீருக்கு என்ன மதிப்பு? அன்பும் பக்தியும் கழிவிரக்கமும் தராசில் வைத்து விற்கும் சாமானோடு சம்பந்தப்பட்டவை என்றால், மனிதனைப் பற்றி நம் சமயங்கள் சொல்லிவந்தவற்றில் மிஞ்சுவது எது?

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் தத்துவம் பேசினால் கேள்வி பாதி வழியிலேயே திசை மாறிவிடும்.

பூனைக்காலி விதை எங்கள் கடையில் ஒரு டப்பாவில் இருக்கும். காயின் மேல் உள்ள சுணை பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். உள்ளே இருக்கும் விதையோ பளபளவென்று இருக்கும். இந்த விதையிலிருந்து எல்-டோப்பா என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1937இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் சென்னையில் இருந்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர். எல்-டோப்பாவுக்கு ஒரு தனிச் சாமர்த்தியம் உண்டு. ரத்தத்தில் வரும் எல்லாவற்றையும் மூளை உள்ளே விடுவதில்லை, நடுவில் ஒரு காவல் இருக்கிறது. டோபமைனை அப்படியே கொடுத்தால் காவல் தாண்டாது. எல்-டோப்பா தாண்டும். உள்ளே போய் டோபமைனாக மாறும். கைநடுக்க வாதமான பார்க்கின்சன் நோய்க்கு இன்றுவரை முதன்மையான மருந்து இதுதான். அந்தப் பையன் கைப்பேசியில் பார்த்தது முழுப் பொய்யல்ல. ஆனால், டோபமைன் குறைந்துபோன நோயாளிக்கு அதை ஈடுசெய்வதும், பரீட்சைக்குப் படிக்கச் சோம்பலாக இருக்கிறவனுக்கு அதை ஏற்றிவிடுவதும் ஒன்றல்ல. கூடினாலும் கெடுதல்தான். குமட்டல் வரும், மனம் தாறுமாறாகும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும்.

செரட்டோனின் கதை வேறு மாதிரி. உடம்பில் உள்ள செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறது. வாழைப்பழத்திலும் செரட்டோனின் இருக்கிறது. ஆனால் தின்னும் பழத்திலிருந்து அது மூளைக்குப் போவதில்லை, அதே காவல் தடுத்துவிடும். மூளை தன் செரட்டோனினைத் தானே செய்துகொள்கிறது. உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோபன் அதற்கு மூலப்பொருள். அந்த டிரிப்டோபனும் மற்ற அமினோ அமிலங்களோடு முண்டியடித்துத்தான் உள்ளே போக வேண்டும். மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவுதான் காரணம் என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருக்க, அதற்குச் சீரான சான்று இல்லை என்று 2022இல் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதினார்கள். மாத்திரை பயன்படாது என்பது இதற்குப் பொருளல்ல. "இது குறைந்தால் துக்கம், கூடினால் சந்தோஷம்" என்ற கடைக்கணக்கு மூளைக்குப் பொருந்தாது என்பதுதான் பொருள்.

ஐரோப்பாவில் ஒரு மஞ்சள் பூச்செடி உண்டு. ஜூன் 24ஆம் தேதி வரும் புனித யோவான் திருநாளையொட்டிப் பூப்பதால் அவர் பேராலேயே அதை அழைக்கிறார்கள். பேய் பிசாசு அண்டாது என்று முன்பு வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதே செடி பின்னால் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. 2008இல் காக்ரேன் தொகுப்பில் 29 சோதனைகளையும் 5,489 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வுக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலாகவும் வழக்கமான மாத்திரைகளுக்கு நிகராகவும் வேலை செய்வதாகத் தெரிந்தது. அதே தழை ஈரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கழித்துத் தள்ளிவிடும். மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர் அதைச் சாப்பிட்டால், உறுப்பைக் காக்கும் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கி, உறுப்பையே இழக்க நேரலாம். பேயை விரட்டக் கட்டிய தழையை இன்று மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நம் கேள்விக்கு நெருக்கமானது சர்ப்பகந்தா. பைத்தியத்துக்கும் பாம்புக்கடிக்கும் காலங்காலமாக நம் நாட்டில் கொடுத்துவந்த வேர் அது. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், சித்தக் கலக்கத்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் இது உதவுவதாக எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை இங்கிலாந்து இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். ரத்தக்கொதிப்பு இறங்கியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் சிலர், வீட்டில் ஒரு குறையும் இல்லாமல், யாரும் சாகாமல், இடிந்துபோய் உட்கார்ந்தார்கள். ரெசர்பின் மூளையில் செரட்டோனின், டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவற்றின் சேமிப்பைக் காலி செய்துவிடுகிறது என்று பின்னால் தெரிந்தது. அர்விட் கார்ல்சன் என்ற சுவீடன் விஞ்ஞானி ரெசர்பின் கொடுத்து முயல்களை அசைவற்றுக் கிடக்கவைத்தார். பிறகு எல்-டோப்பா கொடுத்தார், முயல்கள் எழுந்து நடந்தன. சர்ப்பகந்தா படுக்கவைத்ததை, பூனைக்காலியில் உள்ள அதே பொருள் எழுப்பிவிட்டது. 1957இல் செய்த வேலை, 2000இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. மனநிலைக்கும் மூளை ரசாயனத்துக்கும் முடிச்சுப் போட்ட நவீனக் கொள்கைகள் பலவற்றுக்கு நம் மண்ணின் வேர்தான் ஒரு தொடக்கம். ரெசர்பின் சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு வந்த கணக்கே மிகைப்பட்டது என்று பின்னாளில் வாதிட்டவர்களும் உண்டு. சிலருக்கு வந்தது என்பதே நமக்குப் போதும்.

ஏன் போதும் என்கிறேன் என்றால், அந்தச் சிலரிடம் போய் "ஏன் அழுகிறாய்?" என்று கேட்டால் "மாத்திரையால்" என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். மகன் கவனிப்பதில்லை, வாழ்க்கையை வீணாக்கிவிட்டேன், தெய்வம் கைவிட்டுவிட்டது என்று காரணம் சொல்லியிருப்பார்கள். மனம் இருண்டால் இருட்டுக்கு ஒரு காரணத்தைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். தூக்கம் கெட்ட எவரையும் விடியற்காலையில் கேட்டுப் பாருங்கள், அவருக்கு உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை இருக்காது. ஆக, "உடம்பின் உபாதைதான் ரசாயனம், அதன் பொருள் வேறு" என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது. ரசாயனம் பொருளின் வாசல்வரை வந்து கதவைத் தட்டுகிறது. அந்த ஆசிரியையின் பயத்துக்கு நியாயம் இருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு பேர் உடனே பதில் சொல்ல வருவார்கள். ஒருவர், "எல்லாமே ரசாயனம்தான் அம்மா, அன்பாவது பக்தியாவது" என்பார். இதற்குப் பதில் 1902இலேயே வந்துவிட்டது. சமய அனுபவங்களைப் பற்றி எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளை அந்த ஆண்டு நூலாக்கிய வில்லியம் ஜேம்ஸ், முதல் உரையிலேயே இவர்களைப் பிடித்துக்கொண்டார். பவுலடியாருக்கு டமாஸ்கஸ் சாலையில் கிடைத்த தரிசனத்தை வலிப்பு என்றும், புனித தெரேசாவின் பரவசத்தை நரம்புக் கோளாறு என்றும் சொல்லிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கும் மருத்துவப் பொருள்முதல்வாதம் அது என்றார். அவர் வாதம் எளிமையானது. உடம்பில் வேரில்லாத எண்ணம் எதுவுமில்லை. நாத்திகரின் நாத்திகத்துக்கும் ஈரலில் ஒரு வேர் இருக்கத்தான் செய்யும். உடல் காரணத்தைக் காட்டி ஒரு எண்ணத்தைப் பொய்யாக்கலாம் என்றால், அப்படிப் பொய்யாக்கும் எண்ணத்தையும் அதே முறையில் பொய்யாக்கலாம். ஆகவே ஒரு மனநிலையை அது முளைத்த வேரைக் கொண்டு மதிக்காதீர்கள், அது தரும் கனியைக் கொண்டு மதியுங்கள் என்பது அவர் முடிவு. வேதியியல் படித்த எனக்கு இது நியாயமாகவே படுகிறது. இரண்டும் இரண்டும் நாலு என்று நான் கணக்குப் போடும்போதும் மூளையில் ரசாயனம் ஓடுகிறது. அதனால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடாது.

இன்னொருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவார். "மனம் தெய்வீகமானது, அதை மருந்து தொடாது. பாராயணம் பண்ணு, ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்பார். இவர் நல்லவர். ஆனால் இவர் சொல்லால்தான் அதிகம் பேர் கஷ்டப்படுகிறார்கள். மனச்சோர்வில் கிடக்கிறவருக்கு நோயோடு குற்றவுணர்வையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். வேடிக்கை என்னவென்றால், இவர் சொல்வது சமயம் என்று இவர் நினைக்கிறார். நான் வகுப்பில் கேட்ட சமயம் அப்படிச் சொல்லவே இல்லை.

சைவ சித்தாந்தத்தில் தத்துவங்கள் முப்பத்தாறு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய அந்தக்கரணங்கள் நிலம், நீர், தீ முதலான பூதங்களோடு ஒரே வரிசையில், ஆன்ம தத்துவம் இருபத்துநான்கில் வருகின்றன. அதாவது, மனம் மாயை என்னும் மூலப்பொருளின் காரியம். அது சடம், தானாக அறியாது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம் கொண்ட பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல். அதன் நான்காம் சூத்திரம் உயிர் என்பது இந்தக் கரணங்களில் ஒன்றல்ல என்று நிறுவுகிறது. அரசனுக்கு அமைச்சர்கள் எப்படியோ, உயிருக்கு இவை அப்படி. உயிர் இவற்றைக் கொண்டுதான் எதையும் அறிகிறது, ஆனால் இவையே உயிரல்ல. சாங்கியமும் மனத்தை இப்படியே பிரகிருதியின் பக்கத்தில்தான் வைக்கிறது.

வகுப்பில் இதைக் கேட்டபோது மனப்பாடம் செய்ய வேண்டிய அட்டவணை என்று எழுதிக்கொண்டேன். கடையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அதன் துணிச்சல் உறைத்தது. வேர் மனத்தைத் தொடுகிறது என்று விஞ்ஞானம் சொன்னால் மெய்கண்டார் திடுக்கிடமாட்டார். சடத்தைச் சடம் தொடுவதில் என்ன ஆச்சரியம்? மனத்தையும் உயிரையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்களுக்குத்தான் அது அதிர்ச்சி.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இதைவிடவும் வெளிப்படையான சோதனையே இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் வேதம் படித்துவிட்டுக் கர்வத்தோடு வீடு திரும்புகிறான் சுவேதகேது. அப்பா உத்தாலகர் அவனிடம், உண்ணும் உணவில் பருமனான பகுதி மலமாகிறது, நடுப்பகுதி தசையாகிறது, மிக நுண்ணிய பகுதி மனமாகிறது என்கிறார். இன்னும் விளக்கிச் சொல்லுங்கள் என்கிறான் மகன். பதினைந்து நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடி என்கிறார். பதினாறாம் நாள் வேதத்தைச் சொல் என்கிறார், ஒரு அடி வரவில்லை. பெரிய நெருப்பு அணைந்து மின்மினி அளவு கங்கு மிஞ்சினால் அது எதை எரிக்கும், போய்ச் சாப்பிடு என்கிறார். சாப்பிட்டு வந்ததும் கேட்டதற்கெல்லாம் பதில் வருகிறது. உணவை நிறுத்தினால் மனம் மங்கும், கொடுத்தால் தெளியும். உணவு மனமாகும் என்றால் மருந்தும் மனத்துக்குள் போகத்தான் செய்யும்.

இதில் என்னை உட்காரவைத்தது அடுத்த பகுதி. மனம் சோற்றால் ஆனது என்று காட்டிய அதே அப்பா, அதே அத்தியாயத்தில், அதே மகனிடம்தான் "நீ அதுவாக இருக்கிறாய்" என்னும் மகாவாக்கியத்தைச் சொல்கிறார். அது தலைமுறை தலைமுறையாக விளக்கம் எழுதப்பட்ட உபதேசம். மனம் சடம் என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அவருக்கு அதைச் சொல்ல முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த உபதேசத்தை அத்வைதி ஒருவிதமாகவும் சித்தாந்தி வேறுவிதமாகவும் பொருள் கொள்வார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. மனத்தின் சடத்தன்மையை ஒப்புக்கொண்டால் ஆன்மிகம் செத்துவிடும் என்ற பயம் நம் மரபில் இல்லை என்பதே நான் எடுத்துக்கொண்டது.

அப்படியானால் துக்கப்படுவது யார்? எங்கள் ஊர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். திருவாவடுதுறையில் நாகஸ்வரத்துக்கு, வாயில் வைத்து ஊதும் சீவாளி செய்கிறார்கள். சீவாளி வெடித்துப்போனால் ராஜரத்தினம் பிள்ளையே வந்தாலும் தோடி எழும்பாது. சீவாளியை மாற்றினால் தோடி வரும். அதற்காகத் தோடி சீவாளிக்குள் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. சீவாளி செய்தவர் ராகத்தைச் செய்யவுமில்லை. வாசித்தவருக்குள் இருந்த ராகம் வெளியே வர அது வழி விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் ரெசர்பின் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. கருவி கெட்டால் வாசிப்பவருக்குத் தன் ராகமே மறந்துபோகிறதே, தான் வாசிப்பது முகாரிதான் என்று நம்பிவிடுகிறாரே? இதற்கு சித்தாந்தம் வைத்திருக்கும் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உயிருக்குச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று ஒரு குணம் சொல்வார்கள். படிகம் எந்த நிறத்தை அடுத்திருக்கிறதோ அந்த நிறமாகத் தெரியும். உயிரும் எதைச் சார்ந்ததோ அதுவாகவே தன்னை எண்ணிக்கொள்ளும். இருண்ட மனத்தைச் சார்ந்தால் நானே இருட்டு என்று எண்ணும். இது உயிரின் இயல்பு, தனி மனிதர் செய்த தப்பு அல்ல. ஆகவே மனச்சோர்வில் ஒருவர் "எனக்கு யாருமில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை" என்று சொன்னால், அதை அவர் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அடுத்திருக்கும் பொருளின் நிறம். அவருடன் வாதம் செய்து பயனில்லை. முதலில் அடுத்திருக்கும் பொருளை விலக்க வேண்டும். அதை மருந்து விலக்கினால் மருந்து, நல்ல துணை விலக்கினால் துணை.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சோர்வு தீர்ப்பல்ல என்றால் வேர் தரும் அமைதியும் தீர்ப்பல்ல. பதஞ்சலி யோக சூத்திரத்தின் நான்காம் பாதத்தை ஆரம்பிக்கும்போதே, சித்திகள் பிறப்பாலும், மூலிகையாலும், மந்திரத்தாலும், தவத்தாலும், சமாதியாலும் வரும் என்று ஐந்து வழி சொல்கிறார். மூலிகையை அவர் ஒளிக்கவில்லை, மந்திரத்துக்கு முன்னாலேயே வைக்கிறார். ஆனால் கொஞ்சம் தள்ளி, ஆறாம் சூத்திரத்தில், இவற்றுள் தியானத்தால் விளைந்த மனமே வாசனை, அதாவது பழைய வினைப்பதிவு, மிச்சம் இல்லாதது என்று முடிக்கிறார். மருந்தால் வந்த தெளிவு உள்ளே கிடக்கும் பழைய மூட்டையை அவிழ்ப்பதில்லை. பொட்டலம் தீர்ந்தால் மூட்டை அங்கேயே இருக்கும். சித்தாந்தம் இருவினையொப்பு என்று சொல்லும் சமநிலையும் இப்படித்தான். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் உணர்ந்துகொண்டே ஒன்றாக நிற்பது அது. எதுவும் உறைக்காமல் மரத்துப்போவது வேறு. சூரணம் சாப்பிட்டு வந்த நிதானத்தை ஞானம் என்று நினைத்துக்கொள்பவருக்கு சூரணம் உயிரைக் கட்டும் ஒரு புது மலம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆசிரியைக்கு நிம்மதி தந்தது அந்தச் சூரணம்தான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. அமுக்கரா மன அழுத்தத்தையும் தூக்கத்தையும் ஓரளவு சீர்செய்வதாகச் சில சிறிய சோதனைகள் சொல்கின்றன, அவ்வளவே. இரவில் ஒரு டம்ளர் சூடான பால், நாள் கழிந்தது, யாரோ ஒருவர் தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது, எல்லாமே சேர்ந்திருக்கும். நம்பிக்கைக்கே பங்கு உண்டு. கனடாவின் வான்கூவரில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள், மூளையில் டோபமைன் சுரந்தது. மருந்து வருகிறது என்ற எதிர்பார்ப்பே அதைச் சுரக்கவைத்தது. 2001இல் வெளிவந்த ஆய்வு இது. வேர் மனத்தைத் தொடுகிறது என்பது உண்மை என்றால், மனத்தின் நம்பிக்கை ரசாயனத்தைத் தொடுகிறது என்பதும் அதே அளவு உண்மை. "எல்லாம் ரசாயனம்தான்" என்கிறவர் இந்த இரண்டாவது பாதையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவ்வளவையும் மனத்தில் போட்டு உருட்டிய பிறகு அந்த ஆசிரியை மறுபடி வந்தபோது நான் பதில் சொல்லவில்லை, ஒரு கேள்வி கேட்டேன். "இப்ப அவரை நினைச்சா என்ன ஞாபகம் வருது?" அவர் யோசித்தார். "முன்னெல்லாம் ஆஸ்பத்திரிதான் வரும்க்கா. அந்தக் குழாய், அந்தச் சத்தம். கண்ணை மூடினா அதுதான். இப்ப அவரு வர்றாரு. மோட்டார் கொட்டகையில கால நீட்டிக்கிட்டு ரேடியோ கேக்குறது, எம் புடவை கலரைக் கிண்டல் பண்றது…" சொல்லும்போதே அழுதார், சிரித்தார்.

"பாத்தீங்களா, துக்கம் எங்கயும் போகலை" என்றேன். "தூங்காம கெடந்த ஒடம்பு அவரை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுதான் விலகியிருக்கு." அவர் அன்பை அந்தப் பொடி செய்யவுமில்லை, கரைக்கவுமில்லை. யாரை நினைத்து அழுகிறோம் என்பது எந்த வேரிலும் இல்லை. அமுக்கராவுக்கு அவர் கணவர் பெயர் தெரியாது. நாற்பது பேருக்கு ஒரே டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். நாற்பது பேரும் நாற்பது வேறு ஆளை நினைக்கிறார்கள்.

இதை வைத்து "இயற்கை மருந்துதான் சரி, மாத்திரை வேண்டாம்" என்று யாராவது முடிவுக்கு வந்தால் நான் சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். எட்டிக்கொட்டையும் ஊமத்தையும் இயற்கைதான். ரெசர்பின் வேரிலிருந்துதான் வந்தது. மாயையின் காரியம் என்று பார்த்தால் செடியும் மாயை, தொழிற்சாலை மாத்திரையும் மாயை. ஒன்றுக்குப் புனிதமும் மற்றதற்குப் பழியும் கொடுக்கத் தத்துவத்தில் இடமில்லை. எது யாருக்கு எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம், மருந்துக்கு ஓர் அதிகாரம். நடுவில் சூது மட்டும்தான் இருக்கிறது. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு மூலிகைப் பெயர்கூடச் சொல்லவில்லை. பசித்துச் சாப்பிடு, அளவறிந்து சாப்பிடு, நோயையும் அதன் காரணத்தையும் ஆராய் என்றுதான் போகிறது.

ஆகவே கடையில் மனத்தைச் சொல்லி வருகிறவரிடம் முதலில் கேட்பது, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பதுதான். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், ஈரல் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கு அமுக்கரா கொடுப்பதில்லை. அமுக்கராச் சத்து சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்தது. பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பூனைக்காலி கிடையாது. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறப் போகிறேன் என்பவரைத் திருப்பி மருத்துவரிடமே அனுப்புவேன். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று வாய்தவறிச் சொல்கிறவருக்குப் பொட்டலம் மடிப்பதே பாவம். உட்காரவைத்து, வீட்டாருக்குத் தகவல் சொல்லி, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசவைப்பதுதான் அங்கே வைத்தியம்.

அருளால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று நிம்மதி அடைந்தவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சித்தாந்தத்தில் இது ஒரு போட்டியே அல்ல. தனு, கரணம், புவனம், போகம் நான்கையும் உயிருக்காக மாயையிலிருந்து இறைவனே தருகிறான் என்கிறது அது. உடம்பும், மனம் முதலிய கருவிகளும், அவை உலவும் உலகமும், நுகரும் பொருளும் எல்லாம் கொடுக்கப்பட்டவை. கொடுக்கப்பட்ட கருவி பழுதானால், கொடுக்கப்பட்ட உலகத்தில் முளைத்த வேரைக்கொண்டு அதைச் சீர்செய்வது அருளுக்கு எதிரானது ஆகாது. மருந்தை மறுத்துவிட்டு அருளுக்குக் காத்திருப்பதை பக்தி என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வந்து நிற்கும் உதவியைப் பார்த்து, "நீ வேண்டாம், வேறு வேஷத்தில் வா" என்று சொல்வது அது.

ஆனால் கருவியைச் சீர்செய்துகொண்டவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஜேம்ஸ் சொன்ன கனி அதுதான். மருந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர் பேச்சில்லாமல் இருக்கும் தம்பிக்கு ஒரு போன் போடுகிறாரா? கோபத்தில் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுகிறாரா? இறந்தவரின் துணிமணிகளை எடுத்து வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறாரா? கோயிலில் நின்றால் தன் நோயை மட்டும் சொல்லாமல் பக்கத்தில் நிற்பவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வருகிறதா? இவற்றில் ஒன்றாவது நடந்தால் அந்த அமைதி உண்மையானது. அது வேரிலிருந்து வந்ததா, மாத்திரையிலிருந்து வந்ததா, பதிகத்திலிருந்து வந்ததா என்ற கேள்வி அதன்பிறகு எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை, நன்றாகத் தூங்குகிறார் என்பது மட்டும்தான் என்றால், அதுவும் நல்லதே. தூக்கம் கிடைத்திருக்கிறது. மீதி வேலையை அவர்தான் செய்ய வேண்டும்.